ரயில் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. ஓட்ட ஆள் எங்கே?



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு முறை செய்தித்தாள் வாசிப்பு உண்டு. ஒரு நாள், வெளிநாட்டுச் செய்திகளின் கீழ் மூலையில், ஊழியர் பற்றாக்குறையால் ரயில்கள் ரத்து என்று நான்கு வரிச் செய்தி ஒன்று இருந்தது. அதை வாசித்த பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சார், ரயில் இருக்கு. தண்டவாளம் இருக்கு. ஏற ஆளுங்களும் இருக்காங்க. ஓட்டுறவர் வரலேன்னா வேற ஆளக் கூப்பிட்டு ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தவறில்லை. அவன் தந்தை செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலைப் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தால், மண்டோர் லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டி இன்னோர் ஆளை அழைத்து வருவதை அவன் பார்த்திருக்கிறான். ரயிலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். பெரியவர்களாகிய நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் ரயில் ரத்து என்றதும் டிக்கெட் முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் சண்டைக்குப் போகிறோம்.

அன்று மணி அடித்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை அவனுக்குச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்வது நல்லது என்று தோன்றியது. ஏனென்றால், ரத்தாகும் ரயில் பணக்காரரை அதிகம் பாதிப்பதில்லை. அவருக்குக் கார் இருக்கிறது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த பெரிய மருத்துவமனைத் தேதிக்காகப் புறப்பட்டு வந்து, பிளாட்பாரத்தில் பையுடன் நிற்கும் தாய்க்குத்தான் அது வலிக்கிறது. அன்றைய கூலியும் போயிற்று, மருத்துவரைப் பார்க்கும் நாளும் போயிற்று.

ஒரு ரயிலுக்கு எத்தனை கைகள்?

நம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் ஓட்டுநரும் டிக்கெட் பார்ப்பவரும்தான். தெரியாதவர்கள் பலர். எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் போகலாம் என்று சிக்னல் கொடுப்பவர் ஒருவர். தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சோதிக்கும் குழு ஒன்று. பட்டறையில் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்க்கும் குழு இன்னொன்று. இவர்களில் ஒரு கண்ணி அறுந்தாலும் ரயில் நின்றுவிடும்.

இது நமக்கு அந்நியமான தொழில் அல்ல. இந்நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டு, 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் தண்டவாள வேலை செய்தார்கள். செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், ரயில் இரும்பால் ஓடுவதில்லை, ஆளால் ஓடுகிறது என்று சொல்வார்கள்.

செம்பனை ஆலையை நினைத்துப் பாருங்கள். பழம் லாரி லாரியாக வந்து நிற்கலாம். ஆனால் சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் இல்லாவிட்டால் பாய்லரில் நெருப்பு வைக்க மாட்டார்கள். லயத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்த முடியுமா? முடியாது. ரயில் ஓட்டுநரும் சிக்னல்காரரும் அப்படிப்பட்டவர்களே.

ஒரு நகரமே காத்திருந்த கதை

ஜெர்மனி நாட்டில் மைன்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் மாநிலத் தலைநகரம். ஜெர்மனி என்றாலே ஒழுங்குக்கும் நேரத்துக்கும் பெயர் போனது என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த நாட்டில், 2013 ஆகஸ்ட் மாதத்தில், மைன்ஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டிய ரயில்கள் வரவில்லை. முதலில் இரவு நேரங்களில் நின்றன. பின்னர் பகலிலும் குறைந்தன. தூரப் பயண ரயில்கள் மைன்ஸைத் தொடாமல் வேறு பாதையில் திருப்பி விடப்பட்டன.

வெள்ளமோ விபத்தோ காரணம் அல்ல. சிக்னல் அறையில் இருக்க வேண்டிய ஆட்கள் இல்லை. அந்த அறைக்கு வேண்டியவர்களே மிகக் கொஞ்சம் பேர். ஒரு தோட்ட லாரியில் ஏற்றிவிடலாம். அவர்களில் சிலர் கோடை விடுமுறையில் போயிருந்தார்கள், சிலர் நோயுற்றிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கொண்டு எல்லா மணி நேரத்தையும் நிரப்ப முடியவில்லை.

ஜெர்மனியில் வேறு ஊர்களில் சிக்னல்காரர்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனின் சிக்னல் அறையும் தனி உலகம். எத்தனை தண்டவாளங்கள், எவை எங்கே பிரிகின்றன, எந்தக் கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயே இருந்து பழக மாதங்கள் ஆகும். அடுத்த ஊர்க்காரர் மறுநாளே வந்து உட்கார முடியாது.

சில ஆண்டுகளாகவே செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆட்களைக் குறைத்து வந்தார்கள். எல்லாரும் நலமாக இருந்து, யாரும் லீவு எடுக்காமல் இருந்தால் போதும் என்ற அளவுக்கு ஆட்களை வைத்திருந்தார்கள். மனிதன் நோயில் விழுவான், பிள்ளைகளோடு ஊருக்குப் போவான் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய கையும் புதிய காடும்

அடுத்து இங்கிலாந்துக்குப் போவோம். அந்நாட்டின் வடபகுதியில் விண்டர்மியர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடம். அங்கே போக சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கிளைப் பாதை ஒன்று உண்டு. 2018 ஜூன் 4 முதல் அந்தப் பாதையில் வழக்கமான ரயில்கள் அடியோடு நிறுத்தப்பட்டன. பயணிகள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் ரயில்கள் திரும்பி வந்தன.

நடந்தது இதுதான். 2018 மே 20-ஆம் தேதி நாடு முழுவதும் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் முடிய வேண்டிய மின்மயமாக்கும் வேலை தாமதமானது. அதனால் அட்டவணையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். எந்த ஓட்டுநர் எந்தப் பாதையில் போவது என்பதும் மாறிவிட்டது. புதிய பாதையையும் புதிய வண்டியையும் கற்றுக்கொடுக்க நேரம் போதவில்லை. வட இங்கிலாந்து ரயில் நிறுவனமான நார்தன், ஜூன் 4 முதல் நாளொன்றுக்கு 165 ரயில்களை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டது.

'ஓட்டத் தெரிந்தவருக்கு எந்தப் பாதையாக இருந்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். இருபது வருடம் வெட்டிய நல்ல கையாக இருந்தாலும், புதிய காட்டுக்கு மாற்றினால் முதல் வாரம் தடுமாறுவார். தன் நிரையில் எந்த மரத்தின் பட்டை மெல்லியது, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று இருட்டிலும் அவருக்குத் தெரியும். புதிய நிரையில் தெரியாது.

ரயில் ஓட்டுநருக்கும் அதேதான். வேகமாக ஓடும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, வளைவு எங்கே, சிக்னல் எங்கே, இறக்கம் எங்கே என்று மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பால் வெட்டுகிறவர் தடுமாறினால் ஒரு மரத்துக்குக் காயம். ஓட்டுநர் தடுமாறினால் நூற்றுக்கணக்கான உயிர்கள். அதனால்தான் பாதையைக் கற்று, தெரியும் என்று கையெழுத்துப் போட்ட பிறகே அந்நாட்டில் ஓட்டுநர் தனியாக ஓட்டலாம். ஒரு புதிய ஆளை எடுத்து முழு ஓட்டுநராக்க ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

லீவு நாளைக் கடன் வாங்கிய நிர்வாகம்

இங்கிலாந்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. பல ரயில் நிறுவனங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை வாரத்தில் சேராது. அன்று ஓடும் ரயில்கள், தாங்களாகவே வேலைக்கு வருகிறோம் என்று சொல்லும் ஊழியர்களை நம்பியே ஓடுகின்றன. போதுமான ஆட்களை வேலைக்கு எடுப்பதைவிட, இருப்பவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் கொடுப்பது நிர்வாகத்துக்கு மலிவாக இருந்தது. ஊழியருக்கும் கையில் கூடுதல் பணம் கிடைத்தது. இரு தரப்புக்கும் வசதியாகப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆனால் கடன் வாங்கிய லீவு நாள் என்றைக்கும் கைகொடுக்காது. 2018 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை, உலகக் கிண்ணக் காற்பந்து இறுதி ஆட்டம். அன்று நார்தன் நிறுவனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்கள் ரத்தாயின. வேலைக்கு வர ஆட்கள் முன்வரவில்லை. 2022 ஆகஸ்டில் அவந்தி என்ற இன்னொரு நிறுவனம், லண்டன் - மான்செஸ்டர் ரயில்களை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து மணிக்கு ஒன்றாகக் குறைத்தது. ஓட்டுநர்கள் லீவு நாளில் வேலைக்கு வருவதில்லை என்று நிர்வாகம் குறை கூறியது. வேலைக்குத் தேவையான ஆட்களை ஏன் எடுக்கவில்லை என்று ஓட்டுநர் சங்கம் திருப்பிக் கேட்டது.

அரசாங்கம் 2020 மார்ச் 1-இல் நார்தன் ரயில்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும், 2024-இல்கூட, ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் ரத்தாவது நிற்கவில்லை. முதலாளி மாறியதால் மட்டும் ஓட்டுநர் கூடிவிடுவதில்லை.

சமாளித்து ஓட்டினால் என்ன ஆகும்?

'இருக்கிற ஆட்களை இன்னும் கொஞ்சம் வேலை வாங்கி ஓட்டிவிடலாமே, ஜனங்கள் தவிக்கிறார்களே' என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் 1988-இல் லண்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 12 காலை, வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறியிருந்த ரயில் ஒன்று, கிளாப்ஹாம் சந்திப்புக்கு அருகே, முன்னால் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்புறத்தில் மோதியது. 35 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் புதிய கம்பி இணைத்தபோது, பழைய கம்பியை முறையாக வெட்டி ஒதுக்கவில்லை. அது தன் பழைய இடத்தைத் தொட்டு, மின்சாரத்தைத் தவறாகப் பாய விட்டது.

அந்த வேலையைச் செய்தவர் அனுபவம் உள்ள ஊழியர்தான். விசாரணையில் தெரிய வந்த உண்மை என்னவென்றால், முந்தைய 13 வாரங்களில் அவருக்குக் கிடைத்த ஓய்வு ஒரே ஒரு நாள். அவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்த்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. விசாரணை நடத்திய அந்தோனி ஹிடன் 1989-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின், ரயில்வேயில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை செய்கிறவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து உழைக்கலாம், இடையில் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று வரம்பு கட்டப்பட்டது.

வாசகர்களே, இதை மனத்தில் வையுங்கள். ஆள் இல்லாத அன்று ரயிலை ரத்துச் செய்வது சரியான முடிவுதான். தூங்கி வழியும் ஒருவர் ஓட்டும் ரயிலில் ஏறுவதைவிட, நாம் பிளாட்பாரத்தில் நிற்பது மேல். தவறு அந்தக் காலையில் நடப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன், 'இந்த ஆண்டு புதிய ஆட்களை எடுக்க வேண்டாம். செலவு மிச்சம்' என்று யாரோ ஓர் அலுவலகத்தில் முடிவெடுத்தபோதே நடந்துவிட்டது.

ஒரே நாளில் வெளியேறிய அனுபவம்

ஆள் எடுக்காததால் மட்டும் பற்றாக்குறை வருவதில்லை. இருந்தவர்கள் ஒன்றாகப் போனாலும் வரும். பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கை, 2022-இல் 65 என உயர்த்தியிருந்த அரசாங்க ஊழியர் ஓய்வு வயதை, அதே ஆண்டு 60 ஆகக் குறைத்தது. வயது கடந்தவர்கள் அனைவரும் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் வீட்டுக்குப் போனார்கள். ஓட்டுநர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எனப் பலர் அதில் அடக்கம். 2023 புத்தாண்டு பிறந்ததும் ரயில்கள் ரத்தாகத் தொடங்கின. இளையவர்கள் ஓய்வு பெறுகிறவர்களின் பக்கத்தில் நின்று தொழில் பழகுவதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2020 மார்ச்சில் கோவிட் நோய்க்காக எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர் வருவது நின்றது. 2022 வரை பல தோட்டங்களில் செம்பனைக் குலைகள் வெட்ட ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தன. எண்ணெய் விலை ஏறியிருந்த நேரம். ஆனால் வெட்டக் கையில்லை. ஆள் என்பது கடையில் அன்றைக்கு வாங்கும் சாமான் அல்ல என்பதை அந்த இரண்டு வருடம் தோட்டங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவது, ரயில் ரத்தானால் முகப்பில் இருப்பவரைத் திட்டாதீர்கள். இல்லாத ஆட்களின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பவர் அவர்தான். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பணத்தைத் திரும்பப் பெறும் வழி என்ன, அடுத்த ரயிலோ பஸ்ஸோ எத்தனை மணிக்கு என்று நிதானமாகக் கேளுங்கள். மருத்துவமனை, நேர்முகத் தேர்வு, பரீட்சை போன்ற தவற விடக் கூடாத காரியங்களுக்கு, கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்திய ரயிலில் புறப்படுங்கள்.

இரண்டாவது, கேட்க வேண்டியவர்களிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள். 'இன்று ஏன் ரயில் இல்லை?' என்று கேட்டால், ஆள் இல்லை என்பதே பதில். 'அடுத்த ஐந்தாண்டில் எத்தனை ஓட்டுநர்கள் ஓய்வு பெறப் போகிறார்கள்? அவர்கள் இடத்துக்கு இப்போது எத்தனை பேர் பயிற்சியில் இருக்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ தோட்டத்துக்கு வரும்போது மாலை போடுவதோடு நிறுத்தாமல், இப்படி ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுக்கலாம். பஸ், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகம் முழுவதும் தேர்ந்த கைகள் குறைந்து வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளோ, படிப்பு முடிந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மருத்துவர், வழக்கறிஞர் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறு தொழிலை நாம் அவர்களிடம் பேசுவதில்லை. ரயில் ஓட்டுநர், சிக்னல் தொழில்நுட்பர், மின்பணியாளர், பாய்லர்மேன் எல்லாம் கௌரவமான தொழில்களே. இவற்றுக்கு எஸ்.பி.எம். வரை ஒழுங்காகப் படிக்க வேண்டும். கணிதமும் அறிவியலும் கைகொடுக்கும். நல்ல கண்பார்வையும் நிதான புத்தியும் வேண்டும். இவை நம் பிள்ளைகளிடம் இல்லாதவை அல்ல. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பெண்களும் ரயில் ஓட்டுகிறார்கள். ஆட்களை எடுக்கும் அறிவிப்பு வரும் நாளில் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அன்றைக்குத் தேடினால் கிடைக்காது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பையனுக்கு இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ சார், இப்ப எடுத்தாதான் நாம பெரியவங்களா ஆகும்போது ரயில் ஓடும், இல்லையா?" என்றான். நான்கு பக்கத்தில் நான் சொல்ல வந்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ஆமாம், இப்போது எடுத்தால்தான். உங்கள் வீட்டில் இதே வயதில் ஒரு பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, என்ன தொழில் கற்க ஆசை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.